கடல் விலகிப்போன ஊர்கள்

தூத்துக்குடியில் ஒரு நாளைக்கு வண்டி பிடிப்பவர்களுக்கென்று பாதைகளை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, அப்படியே குலசை, மணப்பாடு பார்த்துத் திரும்புவது ஒன்று. தாமிரபரணியின் இரு கரையிலும் சிதறிக் கிடக்கும் நவதிருப்பதி இன்னொன்று. பாபநாசத்தில் தொடங்கும் நவகைலாயம் மூன்றாவது. அதற்கு டீசல் அதிகம், இருட்டோடு கிளம்பவும் வேண்டும். நான் கொடுத்த பட்டியல் இதில் எதிலும் அடங்கவில்லை. பழையகாயல், முக்காணி, கொற்கை, ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல், காயல்பட்டினம்.

"அண்ணாச்சி, கொற்கையில பாக்கதுக்கு என்ன இருக்கு? ஒரு வன்னிமரம் நிக்குது, ஒரு பிள்ளையார் கோயில் இருக்கு. பழையகாயல்ல அதுவும் கெடையாது" என்றார் ஓட்டுநர். "நவதிருப்பதின்னா சொல்லுங்க. மத்தியானம் நடை சாத்தங்குள்ள அஞ்சு, சாயந்தரம் நாலு. கச்சிதமா காட்டிருதேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. இந்த ஊர்களில் கண்ணுக்குக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. கோட்டைச் சுவர் கிடையாது, இடிந்த மண்டபம் கிடையாது, படம் எடுத்துக்கொள்ள ஒரு வளைவுகூடக் கிடையாது. ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு துறைமுகக் கதை இந்தச் சின்ன வட்டத்துக்குள் நடந்திருக்கிறது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து வாயில் போட்டது, கடல் விலகியது, வியாபாரம் கடலைத் துரத்திக்கொண்டு கிழக்கே போனது. முதலில் கொற்கை, அது மேடேறிய பிறகு பழையகாயல், அதற்கும் பிறகு புன்னைக்காயல், கடைசியில் ஆற்று வாயே வேண்டாம் என்று விலகி நிற்கும் தூத்துக்குடி. 1881-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட வரலாற்றில் கால்டுவெல் இந்த நகர்வை விளக்கியிருக்கிறார். ஒரு வாடகை வண்டி மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே பகலில் இதைக் கடந்துவிடும் என்பதுதான் எனக்கு ஆசையைக் கிளப்பியது.

எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் கணக்கு. அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி. பேசி முடித்தோம். ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சில வருடம் சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு, ஊரோடு இருப்போம் என்று வந்து, தவணையில் ஒரு டிசையர் எடுத்து மஞ்சள் போர்டு மாட்டியிருக்கிறார். வண்டி முள்ளக்காடு தாண்டுவதற்குள் ஒன்று தெரிந்துவிட்டது. அவருக்குக் காலம் இரண்டே இரண்டு: வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின். எதைக் காட்டினாலும், எதைச் சொன்னாலும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அது.

முள்ளக்காட்டில் சாலைக்கு இரு புறமும் உப்பளம். பாத்திகளில் வானம் கிடந்தது. இங்கே கடல்நீரை மட்டும் நம்புவதில்லை. நிலத்தடியில் இருக்கும் உவர்நீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்திக்கு விடுகிறார்கள். தேக்கி வைக்கும் தெப்பத்தில் வெயில் ஏற ஏற நீர் கனத்து, கடைசிப் பாத்தியில் உப்புக் கட்டுகிறது. காலை வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும் என்று பெண்கள் கால்களில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார்கள். குஜராத்துக்கு அடுத்தபடி இந்தியாவில் உப்பு விளைவது இங்கேதான். உப்பளத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் இறங்கவில்லை.

பழையகாயல் சாலையோரத்து ஊர். டீக்கடை, சர்ச், மீன் ஏலம் முடிந்து கழுவி விட்ட ஈரம், ஒரு பேருந்து நிறுத்தம். 'காயில்' என்று மார்க்கோ போலோ எழுதியது இந்த ஊரைத்தான் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். குப்லாய் கானின் அரண்மனையிலிருந்து பாரசீகத்துக்கு ஓர் இளவரசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கப்பல்களோடு சீனாவிலிருந்து புறப்பட்டவர் போலோ. 1290-களின் தொடக்கத்தில் இந்தக் கரையைப் பார்த்தார். ஐந்து சகோதரர்கள் ஆளும் நாடு, அதில் மூத்தவனுடைய பெரிய நகரம் இது, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் இங்கேதான் ஒதுங்கும் என்று எழுதினார். குதிரை விஷயத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் கணக்காக இருக்கிறார். கீஷ் தீவின் வியாபாரி ஒருவர் மட்டும் வருடத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 தினார். வழியில் கடலில் செத்துப்போனாலும் பாண்டியன் கருவூலத்திலிருந்து பணம் போய்விடும். செத்த குதிரைக்கும் காசு என்ற பகுதியை நான் சொன்னபோது ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். வெள்ளத்தில் அவருடைய வண்டி முழுகி, என்ஜினுக்குள் தண்ணீர் போய், இன்ஷூரன்ஸ்காரர்கள் பாதிக்கு மேல் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்களாம். "பாண்டியன் நல்ல கம்பெனி போல இருக்கு அண்ணாச்சி."

கால்டுவெல் இங்கே வந்து தேடியபோது அவருக்குக் கிடைத்தவை ஓட்டுத் துண்டுகள்தான். மைல் கணக்கில் நிலமெங்கும் பானை ஓடு, அதில் பெரும்பகுதி சீனப் பீங்கான். அங்கே குடியிருந்தவர்களுக்குத் தங்கள் ஊர் ஒரு காலத்தில் மாநகரமாக இருந்தது தெரிந்திருக்கவில்லை. போலோ வந்து போன நூறு வருடம் கழித்து மிங் பேரரசின் தளபதி செங் ஹேயின் கப்பல் படை தெற்கே வந்தபோதும் சீனப் பதிவுகளில் காயல் இடம்பெற்றிருக்கிறது. சீனத்துக் கிராமப்புறத்தில் யாரோ ஒரு குயவர் சூளை வைத்துச் சுட்ட கிண்ணம், இந்தச் சாலையோரத்து உடைமுள் காட்டுக்குள் கிடக்கிறது. இப்போது ஊருக்குப் பக்கத்தில் அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் ஆலை இருக்கிறது, 2009-இல் திறந்தது. அணு உலையின் எரிபொருள் குழாய்க்கு வேண்டிய உலோகம் இங்கே உருவாகி வெளியூர் போகிறது. வாசலில் காவல் இருப்பதால் வண்டியை மெதுவாக்கக்கூட ஓட்டுநருக்கு மனமில்லை.

போலோ காயலைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் பிடித்தது குதிரையும் அல்ல, மன்னனின் நகைப்பெட்டியும் அல்ல. இந்த ஊர்க்காரர்கள் ஒரு இலையை எந்நேரமும் வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள், பணக்காரர்கள் அதில் கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் மென்றதை முகத்தில் துப்பிவிடுகிறார்கள் என்று அவர் எழுதினார். துப்பு வாங்கியவன் நேரே மன்னனிடம் போய்ச் சண்டைக்கு அனுமதி கேட்பானாம். மன்னன் வாளும் கேடயமும் கொடுத்து மோதவிடுவானாம். குதிரையும் கப்பலும் போய்விட்டன. அந்த இலை மட்டும் அதே மண்ணில், அடுத்த ஊரில், இன்றைக்கும் தினமும் பறிபடுகிறது.

முக்காணியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னது நான். கொடிக்காலுக்குள் கூட்டிப்போனது ஓட்டுநர். அவருடைய அத்தைக்கு அங்கே குத்தகைக் கொடிக்கால். வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். கொடிக்காலுக்குள் செருப்போடு போகிற வழக்கம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் வெளியில் இருந்த வெயில் அறுந்துபோனது. ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்த அகத்தி வரிசை வரிசையாக நிற்க, ஒவ்வொரு அகத்தியையும் பற்றிக்கொண்டு கொடி ஏறியிருந்தது. வாழைநாரில் கணுவுக்குக் கணு தளரக் கட்டியிருக்கிறார்கள். இறுக்கினால் கொடி நோகும். இரண்டு மேட்டுப் பாத்திக்கு நடுவே முழங்கால் ஆழ வாய்க்காலில் தண்ணீர் கிடந்தது. அதற்குள்தான் நடக்க வேண்டும். காலடியில் மண் வழுவழுவென்று, விரலிடுக்கில் ஏறியது.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆத்தூர் என்று பெயர் போட்டாலும் முக்காணி, கொற்கை, சுகந்தலை, வெள்ளக்கோவில் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் விளைகிறது. நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி என்று மூன்று ரகம். நாட்டுக்கொடி கரும்பச்சை, காரம். கற்பூரி வெளிறியது, வாயில் போட்டால் நொறுங்கும், காரம் குறைவு. தாமிரபரணித் தண்ணீருக்கும் வண்டலுக்கும்தான் இந்த ருசி வரும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், குறியீட்டுக்கான வாதமும் கிட்டத்தட்ட அதுதான்.

அத்தை கொட்டகையில் உட்கார்ந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தார். இடது கையில் இலைகளைச் சேர்த்துப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, காம்பு ஒரே திசையில் வருமாறு. கை எண்ணிக்கொண்டிருக்க வாய் எங்களோடு பேசியது. ஓரம் சுருண்டது, புள்ளி விழுந்தது, பிஞ்சு எல்லாம் தன்பாட்டில் தனியாக விழுந்தன. கண் இலைமேல் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பெருவிரல் ஒரு முறைகூடத் தயங்கவில்லை. அடுக்கியதை ஈரவாழைச் சருகில் பொதிந்து, நாரால் இறுக்கி, மேலே தண்ணீர் தெளித்தார்.

"தம்பி வெத்தல போடுவியளா?"

எப்போதாவது கல்யாண வீட்டில் என்றேன்.

"அப்ப நாட்டுக்கொடி வேண்டாம், கண்ணுல தண்ணி வந்துரும்" என்று கற்பூரியில் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். பாக்கில்லாமல், சுண்ணாம்பில்லாமல் வெறுமனே மென்றேன். முதலில் பச்சை வாசம், பிறகு மெல்லிய உறைப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு குளிர்ச்சி.

வெள்ளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "தண்ணி நின்னா கொடி தாங்காது தம்பி. வேர் அழுகிரும். வடிஞ்ச பெறவு வந்து பாத்தா கொடிக்காலயே காணல. அகத்தி சாஞ்சு கெடக்கு, மேல சகதி. இந்த வண்டல் இருக்கே, கொடிக்கு இத விட ஒரம் கெடையாது. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வந்தா சரி. ஒரே ராத்திரியில கொண்டாந்து கொட்டுனா என்னத்துக்கு ஆகும்?"

இந்தப் பள்ளத்தாக்கின் மொத்தக் கதையையும் யாராவது கேட்டால் நான் இதைத்தான் திருப்பிச் சொல்வேன். கொற்கைத் துறைமுகத்தைத் தூர்த்ததும் இதே வண்டல்தான். வாழையும் வெற்றிலையும் நெல்லும் நிற்கும் மண்ணும் இதே வண்டல்தான். துறைமுகம் செத்த இடத்தில் கொடிக்கால் பிழைத்தது. வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பாதியை இழப்பாக எழுதிவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள். இரண்டாம் பாதியில்தான் இந்த ஊர்க்காரர்கள் சோறு சாப்பிடுகிறார்கள்.

முக்காணியிலிருந்து ஏரல் சாலையில் மேற்கே திரும்பி, உள்ளே பிரிந்தால் கொற்கை. இரு பக்கமும் வாழை. தார் பழுக்காமல் இருக்கும்போதே வியாபாரி தோட்டத்தை விலை பேசி முடித்துவிடுவார், காற்றடித்துச் சாய்ந்தால் யாருக்கு நட்டம் என்பதில்தான் சண்டை என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் ஒரு திருப்பத்தில் சட்டென்று தொடங்கியது. குளம், சில தெருக்கள், ஆடு, ஒரு மைக் செட்டுக்காரர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்.

கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் நூலில் இந்த ஊர் கொல்கோய். பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பு இங்கே நடக்கிறது, அதைத் தண்டனைக் கைதிகளை வைத்துச் செய்கிறார்கள் என்கிறார். தாலமியும் குறித்திருக்கிறார். முத்து என்றதும் நமக்கு ராணியின் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கிய கைதியை அந்த வெளியூர்க்காரர்தான் ஒரு வரியில் விட்டுவிட்டுப் போனார்.

1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை இங்கே குழி தோண்டியது. கிடைத்த கரித்துண்டின் காலக்கணிப்பு கி.மு. 785, முன்பின் 95 வருடம். அறுத்த சங்குகள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், உறைகிணறு. 2021-இல் சிவகளை, ஆதிச்சநல்லூரோடு சேர்த்து மறுபடியும் அகழாய்வு நடந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, இங்கே சில அடி தோண்டினால் கடல் சிப்பியும் சங்கும் கிடைப்பதைக் கால்டுவெல் கவனித்திருந்தார். வயலுக்கடியில் கடற்கரை.

சொன்னது போலவே வன்னிமரம் நின்றது. அடிமரம் முண்டும் முடிச்சுமாக. இரண்டாயிரம் வருடத்து மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. கொஞ்ச தூரத்தில் அக்கசாலைப் பிள்ளையார். பாண்டியர்களின் நாணயம் அடித்த இடம் இது என்பது ஊர் வழக்கு. கோயில் பூட்டியிருந்தது. திண்ணையில் இருந்த பெரியவர் சாவி வைத்திருப்பவர் ஏரலுக்கு ரேஷன் விஷயமாகப் போயிருப்பதாகச் சொன்னார். பூட்டின கோயில் வாசலில் நிழலுக்கு நின்றபடி ஓட்டுநருக்குச் சிலப்பதிகாரத்தின் வால்பகுதியைச் சொன்னேன். மதுரையில் பாண்டியன் விழுந்து செத்தபோது இளவரசன் வெற்றிவேற்செழியன் இந்தக் கொற்கையில்தான் இருந்தான். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்; வழக்கு அதில்தான் உடைந்தது. அந்த முத்து இந்தக் கரையில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். பிறகு இளவரசன் கண்ணகியின் கோபம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான்.

"ஒருத்தன் செஞ்ச களவுக்கு ஆயிரம் பேரா?" ஓட்டுநர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராசாவா இருந்தா கணக்கு கேக்க ஆளில்ல, என்ன அண்ணாச்சி?"

திண்ணைப் பெரியவர், "இங்கன காசு அடிச்ச எடமில்லா, ஆசாரிமாரு நெறைய இருந்திருப்பாவ" என்றார். உரையாசிரியர் யாரும் இந்தக் கோணத்தில் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

ஜோ டி குரூஸின் நாவலுக்குக் 'கொற்கை' என்று பெயர். 2013-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. ஆனால் கதை தூத்துக்குடிக் கடற்கரையில் நடக்கிறது. பெயரைக்கூடக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏரலில் சாப்பாடு. ஆற்று மீன் குழம்பு இருக்கும் என்று ஓட்டுநர் நம்பிக்கையோடு கூட்டிப்போன கடையில் அன்றைக்குச் சாளைதான். நன்றாகவே இருந்தது. ஏரல் பித்தளைப் பாத்திரத்துக்கும் சேர்மனுக்கும் பேர்போன ஊர். சேர்மன் என்றால் நகராட்சிச் சேர்மனேதான். சேர்மன் பதவியில் இருந்த அருணாசலம் 1908-இல் ஓர் ஆடி அமாவாசையன்று இளவயதில் இறந்தார். இன்று அவர் சேர்மன் அருணாசல சுவாமி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்கிறது. உள்ளாட்சித் தலைவரைச் சாமியாக்கிக் கும்பிடும் ஊர் வேறெங்கும் இருந்தால் போய்ப் பார்க்க ஆசை.

அந்தக் கோயிலையும் வெள்ளம் விடவில்லை. ஏரல் கடைத்தெருவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு துணிக்கடையின் முதல் மாடிப் பக்கம் கை நீட்டினார். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்ததாம். பாலம் சேதப்பட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்து அறுந்தது. பாத்திரக் கடைக்காரர்கள் தேய்த்துத் தேய்த்துத் திரும்ப அடுக்கினார்கள், துணிக்கடைக்காரர்களுக்குத் தேய்க்க ஒன்றுமில்லை. அதே நாள்களில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது செய்திகளில் வந்தது. அந்த ஸ்ரீவைகுண்டத்தில்தான் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இருக்கிறது. முந்தைய ஏழும் அரசர்கள் காலத்தவை. எட்டாவது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும்தான் இந்தப் பக்கத்துக் குளங்களை நிரப்புகின்றன. நிறைந்தால் ஆற்றோடு சேர்த்து அவையும் உடையும்.

முக்காணிக்குத் திரும்பிப் பாலம் ஏறினோம். கீழே ஆறு அகலமாக, சோம்பலாக, நாணலும் அமலைச் செடியுமாகக் கிடந்தது. அக்கரையில் ஆத்தூர். சோமநாதர் கோயில் கோபுரத்தை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டார் ஓட்டுநர். வெற்றிலைக் கடைகளில் மாலை லோடுக்குக் கட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன. சின்ன ஊர்தான், ஆனால் டெல்லி, ஆக்ரா என்று வடக்கே நீண்ட தூரம் பெயர் போனது. மாத்து, ராசி, சக்கை என்று தரத்துக்கொரு பேர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்த ஒருவரிடம் விலை கேட்டேன். நான் வாங்க வந்தவன் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். "கூடும் குறையும்" என்று முடித்துக்கொண்டார்.

ஆத்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலை சேர்ந்தபூமங்கலம் வழியாகப் புன்னைக்காயலில் முடிகிறது. சேர்ந்தபூமங்கலம் நவகைலாயத்தில் ஒன்பதாவது, சுக்கிரன் ஸ்தலம். பாபநாசத்தில் தொடங்கிய ஆற்றைக் கைலாயநாதர் இங்கே கடலுக்கு வழியனுப்பி வைக்கிறார். ஓட்டுநர் இறங்கிக் கும்பிட்டு விபூதியோடு வந்தார். அவர் அடிக்கடி வரும் கோயில், குருக்களும் அவரும் வெளியூர்ப் பஸ் ஒன்றின் வருகை பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் வாழை குறைந்து, பனை வந்து, பிறகு உவர்நிலம், அலையாத்திச் செடிகள். காற்றில் கருவாடு. புன்னைக்காயல் ஆற்று வாயில் ஒரு நாக்கு நிலத்தில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியைவிடப் பெரிய பேர் இதற்குத்தான். முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியரின் தலைமையிடம் வெகுநாள் இங்கே இருந்தது. 1530-களில் பரதவர்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள், 1542-இல் சவேரியார் வந்தார். அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக்கு அடிகளார்தான், அதாவது ஹென்றிக் ஹென்றிக்கஸ், இந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டவர். தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார், நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை வைத்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது; இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். 1586-இன் 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கடற்கரையின் பரதவர்கள். முத்தெடுத்த காசில் தமிழ் எழுத்து வார்த்திருக்கிறார்கள். ஈயமும் மையும் இருந்த இடத்தைக் காட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. சென்னையில் புத்தகக் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஒரு வருடமாவது இங்கே வந்து ஒரு கல்லாவது நட்டுவிட்டுப் போகலாம்.

கரையில் ஃபைபர் படகுகள் ஏறிக் கிடந்தன. வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவரிடம் துறைமுக வரலாற்றைப் பற்றிக் கேட்கப் போய், நிகழ்கால முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தேன். "வத்தத்துல போட்டு வெளிய போக முடியாது. மணல் முட்டும். ரெண்டு பேர் எறங்கித் தள்ளணும். தூர்வாரித் தாங்கன்னு கேக்காத ஆளில்ல" என்றார். "வாரினாலும் ஆறு சும்மா இருக்குமா, மறுபடி கொண்டாந்து போடும்." அவருடைய விரல் நீட்டிய இடத்தில் ஆறு கடலோடு சேரும் கோடு பழுப்பாகத் தெரிந்தது. கொற்கையில் இப்படி ஒருவர் யாரிடமாவது சொல்லியிருப்பார். பழையகாயலிலும்.

முத்து? கடைசியாகப் பெரிய அளவில் இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது 1955-இலிருந்து 1961 வரை. அதற்கப்புறம் முத்துப் பார்களில் சிப்பி அந்த அளவுக்குக் கட்டவேயில்லை. சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இன்னும் இறங்குகிறார்கள்.

காயல்பட்டினத்துக்கு வரும்போது அஸர் தொழுகை முடிந்து தெருவில் ஆள் நடமாட்டம். முத்தும் மாணிக்கமும் விற்று இலங்கைவரை கடை விரித்தவர்களின் ஊர். வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டாமல், அதே சமயம் உள்ளேயும் காட்டாமல் நிற்கின்றன. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர முடுக்குகள் இருக்கின்றன. கல்யாணமான மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது இங்கே வழக்கம், வீடு பெண்பிள்ளைக்கு. 2023 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது இந்த ஊரில்தான். மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். இனிப்புக் கடையில் தம்மடை வாங்கினேன். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த கனமான பலகாரம். கடைக்காரர் வெட்டித் தரும்போது ஓட்டுநரிடம், "நம்ம தெருவுல படகு விட்டது ஞாபகம் இருக்கா?" என்று கேட்க, இரண்டு பேரும் அந்த இரவை ஆரம்பத்திலிருந்து ஒரு முறை ஓட்டினார்கள். யார் வீட்டு மாடியில் எத்தனை குடும்பம், எந்தப் பள்ளிவாசலில் சோறு, எந்த சர்ச்சில் பாய். தெருப்பெயர், ஆள்பெயர், நேரம் எல்லாம் துல்லியம். கால்டுவெல் தேடி வந்து கேட்டபோது பழையகாயல்காரர்களுக்கு ஊரின் பழங்கதை தெரியவில்லை என்று படித்தது நினைவுக்கு வந்தது. அவர் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. முக்காணிப் பக்கம் ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, "அண்ணாச்சி, ஒரு ஒதவி. அத்தையோட கட்டு ரெண்டு இருக்கு. தூத்துக்குடியில ஆம்னி பஸ்ஸுல ஏத்தி விடணும். டிக்கியில போட்டுக்கிடவா?" என்றார். போட்டுக்கொண்டோம். ஈரச் சருகின் வாசம் பின் சீட் வழியாக முன்னால் வந்தது.

பஸ் நின்ற இடத்தில் லக்கேஜ் பையன் இரண்டு கட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு நேற்றைய ரேட்டுக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டான். தண்ணீர் சொட்டுகிறது, மற்ற பார்சல் நனையும் என்பது அவன் வாதம். தண்ணீர் சொட்டாத வெற்றிலையை எந்த ஊரில் வாங்குவார்கள் என்பது ஓட்டுநரின் வாதம். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். முப்பதுக்கு முடிந்தது. கட்டுகளை உள்ளே தள்ளும்போது ஓட்டுநர் மேலே கிடந்த சூட்கேஸை எடுத்து ஓரமாக வைத்தார். "வெத்தலைக்கு மேல வெயிட்ட வைக்காத, என்ன?"